அழைக்கப்படாத கரை

தியானப் பகுதி: லூக்கா 9:51-56, அப்போஸ்தலர் 16:6-10



சென்ற வாரம் வாலிபர் கூடுகை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், பொறியியல் படிக்கும் நம் தம்பி ஒருவன் அருகில் வந்து நின்றான். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடரை அவன் பார்த்து வருகிறானாம். 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, இன்றுவரை வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்து வருகிற கதை அது. அதிலே விண்கப்பல் தலைவர்கள் எல்லாருக்கும் தலையாய கட்டளை ஒன்று உண்டு: தங்களைவிட வளர்ச்சியில் பின்தங்கிய உலகம் ஒன்றைக் கண்டால், அதன் இயல்பான போக்கில் தலையிடக் கூடாது. தங்கள் கப்பலையும் உயிரையும் இழக்க நேர்ந்தாலும் அதை மீறலாகாது. “ஐயா, ஆண்டவர் சகல ஜாதிகளிடத்திற்கும் புறப்பட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையிலோ போகாதே என்பதுதான் முதல் கட்டளை. இரண்டில் எது அதிக அன்புள்ளது?” என்று கேட்டான்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பிரசங்க பீடத்திலிருந்தே விடை சொல்லிவிட்டவன் நான். அந்த விடை பிழையானது என்று இப்போது கருதுகிறேன். ஆகையால் அந்தத் தம்பிக்கு மட்டும் அல்லாமல், அன்று அந்தப் பிரசங்கத்தைக் கேட்ட உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

நம் நெம்மேலிக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற இதே வங்கக்கடலில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தமான் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் போர்ட் பிளேயருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் வடக்கு சென்டினல் என்று ஒரு சிறு தீவு. சுமார் 60 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே வாழும் மக்கள் தங்களை என்ன பெயரிட்டு அழைத்துக்கொள்கிறார்கள் என்பதுகூட வெளியுலகுக்குத் தெரியாது. அவர்களுடைய மொழி வெளியே ஒருவருக்கும் புரியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்தத் தீவை அணுகுவது குற்றம். விண்வெளிக் கதையின் கட்டளை பூமியின்மேல் மெய்யான சட்டமாக இருக்கும் இடங்களுள் ஒன்று, நம்முடைய கடலிலேயே இருக்கிறது.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்னும் 26 வயது அமெரிக்க வாலிபர், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து இரவில் அந்தத் தீவின் அருகே போய், சிறு படகில் தனியே கரையை நெருங்கினார். கையில் மீனும் சில பரிசுகளும் வைத்திருந்தார். இயேசு அவர்களை நேசிக்கிறார் என்று உரக்கக் கூறினார். ஒரு சிறுவன் எய்த அம்பு அவர் பிடித்திருந்த வேதாகமத்தில் தைத்தது. திரும்பி வந்தார், மறுபடியும் போனார். பின்பு மீனவர்கள் தொலைவிலிருந்து கண்டது, மணலில் இழுத்துச் செல்லப்பட்ட ஓர் உடல். அது இன்றுவரை மீட்கப்படவில்லை. அவரைக் கொண்டுபோய்விட்ட மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய குடும்பங்களைப்பற்றி அந்த நாட்களில் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை, நானும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவரை இரத்தசாட்சி என்று அழைத்தேன். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் உண்டு என்று கேட்டு, உங்களில் பலரைக் கண்கலங்கச் செய்தேன். அந்த வாலிபரின் உள்ளத்தை நான் இன்றும் நியாயந்தீர்க்கவில்லை. அவர் பல ஆண்டுகள் ஆயத்தப்பட்டவர். நோய்த் தடுப்பு ஊசிகள் போட்டுக்கொண்டு, புறப்படுமுன் சில நாட்கள் தனித்தும் இருந்தவர். விளையாட்டாகப் போனவர் அல்லர். ஆனால் நான் அன்று கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கரையில் நின்ற அந்தச் சிறுவன் அம்பினாலே ஒரு பதிலைச் சொல்லிவிட்டானே, அந்தப் பதிலுக்கு மதிப்பு ஏதும் இல்லையா?

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் சிறைக் குடியிருப்பை நிறுவியபோது பெரிய அந்தமானியர் என்று அழைக்கப்பட்ட மக்கள் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இன்று 50 பேர் அளவில் இருக்கிறார்கள். 1863-இல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்று திறக்கப்பட்டது. காட்டு மக்களை நாகரிகப்படுத்தும் நல்ல நோக்கம். உணவு, உடை, ஆங்கிலக் கல்வி. அதைத் திறந்தவர் கார்பின் என்னும் குருவானவர், நம்மைப்போல அங்கியணிந்த ஓர் ஊழியர். இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. இல்லத்திற்குள் வந்தவர்கள் விருப்பம்போல் வெளியே போக முடியவில்லை. வெளியாரோடு பழகியதில் பால்வினை நோய் பரவியது. 1877-இல் தட்டம்மை வந்து கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். அந்த மக்களின் பல மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். தன் மொழியில் பேச ஒருவரும் இல்லாமல் அந்த அம்மையார் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பாபேலில் மொழிகள் பிரிந்ததைப்பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்; ஒரு மொழி ஒரே வாயோடு அடங்கிப்போவதைப்பற்றி நாம் சிந்தித்ததில்லை.

சென்டினல் தீவாரும் இதிலிருந்து தப்பவில்லை. 1880-இல் போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு முதிய கணவனையும் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் நோயுற்றார்கள். முதியவர் இருவரும் இறந்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கரையேறி என்ன சொல்லியிருப்பார்கள்?

அவர்கள் எக்காலமும் எல்லாரையும் விரட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். 1991 ஜனவரி 4-இல் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழு ஒன்று தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டபோது, அந்த மக்கள் ஆயுதமின்றிக் கடலில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அரசாங்கமே அந்தப் பயணங்களை நிறுத்தியது. பக்கத்துத் தீவில் ஜாரவா மக்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கியபின் 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அவர்கள் காட்டின் நடுவே போடப்பட்ட சாலையில் சுற்றுலாப் பயணிகள் வாகனங்களை நிறுத்தி, உணவை நீட்டி, அவர்களை ஆடச் சொன்ன காணொளி 2012-இல் வெளிவந்து உலகமே வெட்கியது. நட்பு என்று தொடங்கியது எங்கே போய் முடிகிறது என்பதை நாடு கண்டுகொண்டது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கரையில் யார் மறப்பார்? ஆழிப்பேரலைக்குப் பின் உதவிக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் நாம். அதே நாட்களில் சென்டினல் தீவின்மேல் பறந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒரு மனிதன் வில்லை நீட்டி நிற்கும் படம் வெளியாயிற்று. அவர்கள் பிழைத்திருந்தார்கள். நம்மிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

இப்போது வேதத்திற்கு வருவோம். லூக்கா 9-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எருசலேமை நோக்கிப் போகிற வழியில் சமாரியர் கிராமம் ஒன்று அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபுக்கும் யோவானுக்கும் கோபம் பொங்கியது. வானத்திலிருந்து அக்கினியை இறக்கலாமா என்றார்கள். ஆண்டவர் அவர்களைத்தான் கடிந்துகொண்டார். பின்பு வேறொரு கிராமத்திற்குப் போனார். அவ்வளவே. இரவில் திரும்பி வந்து அந்தக் கிராமத்தின் பின்வாசலைத் தட்டவில்லை. கதரேனருடைய நாட்டிலும் அப்படியே. லேகியோன் பிடித்திருந்த மனிதன் குணமாகி, உடை உடுத்தி, தெளிந்த மனதோடு உட்கார்ந்திருக்கிறான். ஊரார் பயந்து, எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். அந்த வேண்டுதலை ஆண்டவர் மறுக்கவில்லை, படவில் ஏறினார். குணமானவனோ அவரோடு வர விரும்பியபோது, உன் வீட்டாரிடம் போ என்று அவனை அங்கேயே நிறுத்தினார். அந்த நாட்டுக்கு நற்செய்தி சொல்ல, அந்த நாட்டான் ஒருவன் இருந்தான்.

பவுலின் பயணத்தைப் பாருங்கள். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி அவரைத் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர். பித்தினியாவுக்குப் போக முயன்றார், ஆவியானவர் இடங்கொடுக்கவில்லை. பிறகு இரவில் தரிசனத்தில் ஒரு மக்கெதோனியன் நின்று, வந்து உதவிசெய்யும்படி வேண்டிக்கொண்டான். அழைப்பு வந்தது, போனார். தடுக்கப்பட்ட அதே ஆசியாவில் பின்னாளில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் போதித்தார். அக்கினியை இறக்கக் கேட்ட யோவானும் வேறொரு நாளில் சமாரியாவுக்குப் போய், அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தான். தேவனுடைய நாட்காட்டி நம்முடைய ஊழிய அறிக்கையின்படி ஓடுகிறதில்லை.

கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், அவர்கள் ஆத்துமாக்களின் கதி என்ன என்று சிலர் கேட்பீர்கள். ரோமர் 10-ஆம் அதிகாரத்தை நானும் அறிவேன். அந்தப் பாரத்தை இலேசாக எண்ணவில்லை. ஆனால் என் ஒரு மூச்சுக்காற்றில் உள்ள கிருமி அந்தத் தீவின் கடைசிக் குழந்தைவரை கொல்லக்கூடும் என்று தெரிந்தபின்னும் நான் போவேனானால், நான் கொண்டுபோவது நற்செய்தியா? சாவ் தன் உயிரை இழக்கத் துணிந்தார். அது அவருடைய உயிர். அதை அவர் கொடுக்கலாம். அவர்களுடைய உயிரைப் பணயமாக வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? சர்வலோக நியாயாதிபதி நீதி செய்வார் என்று ஆபிரகாம் நம்பினானே. அந்தத் தீவாரைப்பற்றி அதே நம்பிக்கையை வைக்க நமக்கு ஏன் இத்தனை கடினம்?

ஆகவே, தம்பி, உன் கதையின் கட்டளை பாதி சரி. வலியவன் தன் கையை அடக்கிக்கொள்ளச் சொல்கிறதே, அது நம் ஆண்டவர் செய்துகாட்டிய அடக்கத்திற்கு மிக நெருக்கமானது. வியட்நாம் போர் நடந்த காலத்தில் ஓர் அமெரிக்கத் தொடர் அதைச் சொன்னது என்பதும் கவனிக்கத்தக்கது.

மறுபாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ‘பின்தங்கியவர்கள்’ என்கிறார்களே, அந்தச் சொல். எல்லா ஜனங்களும் ஒரே ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், மேல்படியில் நாம் நிற்கிறோம், கீழ்ப்படியில் அவர்கள் நிற்கிறார்கள் என்னும் எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தலையிடுகிறவனும் தலையிடாதவனும் அந்த ஏணியில் ஒரே படியில் நின்றுதான் பார்க்கிறார்கள். சென்டினல் மக்களைக் கற்காலத்தவர் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. 1981-இல் ‘பிரிம்ரோஸ்’ என்னும் சரக்குக் கப்பல் அவர்கள் கரையோரப் பாறையில் தட்டி நின்றது. அதன் இரும்பை எடுத்து அவர்கள் அம்பு முனை செய்துகொண்டார்கள். வேண்டியதைத் தெரிந்தெடுக்கிறார்கள், வேண்டாததைத் தள்ளுகிறார்கள். அது கற்காலமும் அன்று, அருங்காட்சியகமும் அன்று.

இந்தக் கட்டளை யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரேட் நிக்கோபாரில் ஷோம்பென் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 229 பேர். அந்தத் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்கும் திட்டத்திற்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. வேதாகமத்தோடு வருகிறவனுக்குத் ‘தலையிடாதே’, மண்வாரி இயந்திரத்தோடு வருகிறவனுக்கு ‘வரலாம்’ என்றால், அந்தக் கட்டளையின் மெய்யான பெயர் வேறு.

தீவுகளில் சுவிசேஷம் வேர்விட்ட இடமும் உண்டு. அதில் ஒரு தமிழருக்குப் பங்கும் உண்டு. கார் நிக்கோபார் மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தேங்காய் வணிகத்தால் வெளியாரோடு பழகியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் அங்கே போய், அவர்கள் நடுவில் குடியிருந்து, பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவன் ஒருவன்தான் பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். வேதத்தை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர். 1952-இல் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். ஊரை மாற்றியவர் ஊரான்தான். சாலமோன் அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார்.

இவ்வளவும் தொலைவில் உள்ள தீவுகளின் கதை. இதை எழுதுவது எளிது. நம் வீட்டு வாசலில் உள்ளதை எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போய் நாகத்திலிருந்து விஷம் எடுப்பதை எட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கம் ஏன் வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. காட்டுக்கு நல்ல சட்டம்தான். ஆனால் பாம்பு பிடித்துப் பிழைத்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை, அடுப்பு அணைந்தது. பிறகுதான், கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடும் இந்த ஏற்பாடு உண்டாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷமும் இவர்கள் கையால் எடுக்கப்பட்டு, மருந்தாகி, எங்கோ வயலில் கடிபட்டவனைப் பிழைக்கவைக்கிறது. இவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதற்கு முன்பே, புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க வழி தெரியாமல் அமெரிக்கர்கள் இவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள். ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அப்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த மக்களிடம் நாம் எப்படிப் போனோம்? ஒவ்வோர் ஆண்டும் மாசிமகத்தன்று இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களும் செய்துகொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசிமகத்தில் நம் குழு ஒலிபெருக்கியோடும் கைப்பிரதிகளோடும் விடியற்காலையில் அங்கே இறங்கியது. அழைத்துச் சென்றவன் நான். அலையோரத்தில் பூவும் தேங்காயும் வைத்துக் குனிந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, கோபமில்லாமல் கேட்டார்: “ஐயா, நீங்க கோயில்ல முழங்கால் போட்டிருக்கும்போது நாங்க வந்து மேளம் தட்டினா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வாகனத்தில் திரும்பும்போது நம் சகோதரர்கள் அதை எதிர்ப்பு என்றார்கள், உபத்திரவம் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். அந்தப் பெரியவர் எங்களுக்குச் செய்தது உபத்திரவம் அல்ல, உபசாரம் என்பது எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று.

அதன்பின் நாம் செய்தது இன்னும் மோசம். அவர்களிடம் போவதையே விட்டுவிட்டோம். அவர்கள் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு என்று சொல்லிக்கொண்டோம். அதற்கு ‘தலையிடாமை’ என்ற அழகான பெயர் உண்டு. நல்ல சமாரியன் உவமையில் வரும் ஆசாரியனும் லேவியனும் தலையிடாமல் பக்கமாய் விலகித்தான் போனார்கள். சென்டினல் தீவு வேறு, இந்தக் குடியிருப்பு வேறு. அங்கே கதவு அடைத்திருக்கிறது, அடைத்தவர்கள் அவர்களே. இங்கே அடைத்தவர்கள் நாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகக் கிடந்து, பின்பு மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஆலைகளின் அரிசி நம் வீட்டு உலையிலும் கொதித்திருக்கும். நாம் அவர்கள் வாழ்வில் ஏற்கெனவே தலையிட்டவர்கள்தாம்.

மெலித்தா தீவை நினைத்துக்கொள்கிறேன். கப்பல் உடைந்து, நனைந்து, குளிரில் நடுங்கிப் பவுல் கரையேறினார். அந்நியமொழி பேசும் தீவார் நெருப்பு மூட்டி அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். விறகிலிருந்து விரியன் பாம்பு அவர் கையைப் பிடித்தது. மூன்று மாதம் அங்கே இருந்தார். புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபித்தார், நோயாளிகள் குணமானார்கள். அங்கே பவுல் பிரசங்கம் பண்ணினதாக லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. பண்ணியிருக்கலாம். ஆனால் லூக்கா எழுதி வைத்தது அந்தத் தீவார் காட்டின அன்பை. பவுல் முதலில் அங்கே விருந்தாளி.

போன மாதம் ஒலிபெருக்கி இல்லாமல், கைப்பிரதி இல்லாமல், என் மனைவியும் நானும் மட்டும் அந்தக் குடியிருப்புக்குப் போனோம். ஓர் அம்மா வாசலில் பாய் விரித்துக் கறுப்புத் தேநீர் கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பேச்சு தானாக வந்தது. அவர்கள் பேரனுக்கு இனச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பள்ளியில் கேட்கிறார்கள். அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தாயிற்று; ஒவ்வொரு முறையும் ஒரு கூலி நாள் போயிற்று. அங்கே இணையவழியில் விண்ணப்பிக்கச் சொல்கிறார்களாம். நம் சபையில் அந்த வேலை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்து எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்கள். “மாசிமகம் முடியட்டும் ஐயா. திரும்பி வந்ததும் நாங்களே சொல்லி அனுப்புறோம், அப்போ வாங்க” என்றார்கள்.

தம்பி, உன் மடிக்கணினியை ஆயத்தமாக வைத்துக்கொள். அவர்கள் சொல்லி அனுப்பட்டும்.